ஆணி அடித்துவிட்டு வந்தோம்

இந்த இரவு நேரத்தில் குழுவில் எழுதுவதற்கு மன்னியுங்கள். மகன் ஆரன் இப்போதுதான் நித்திரையானான். அவனுக்கு இரண்டரை வயது, அடுத்த மாதம் இதய ஆபரேஷன். அதற்கு முன் ஒரு மாதா கோயிலில் நேர்த்தி வைத்தே தீருவேன் என்று நின்று, போன சனிக்கிழமை போனோம்.

சுவிஸில் நாங்கள் இருக்கும் எம்மன்புரூக்கேயிலிருந்து காலை 8.40 பஸ். ஒருமுறை மாறி, ஐம்பது நிமிடம். பிறகு காட்டுப் பாதையில் இரண்டு கிலோமீட்டர் ஏற்றம். தள்ளுவண்டி சரிவராது, கணவர் ரெஜி மகனை முதுகில் சுமந்தார்.

சிற்றாலயம் பூட்டியிருந்தது. பூட்டின் திறப்பு கீழே பண்ணை வீட்டில் இருந்தது. மாட்டுத் தொழுவ பூட்ஸோடு திறக்க வந்தவள் என் வயதுக்காரி.

சுவர் முழுக்கச் சின்ன மரப்பலகை ஓவியங்கள். மரத்திலிருந்து விழும் ஆள், தொட்டிலில் நோயாளிக் குழந்தை, மேலே மேகத்தில் மாதா. பல நூறு வருடப் பழசு. ஆயரோ குருவானவரோ சொல்லி வைத்தவை அல்ல; விவசாயிகளும் வேலைக்காரிகளும் தாங்களாக நேர்ந்து, படம் கீறுவித்து மாட்டியவை. ஆலயத்தையே ஊரார் கட்டிவிட்டு, பூசை வைக்கக் குருவைப் பிறகுதான் தேடினார்களாம். குருக்கள் அல்லாத ‘பொதுநிலையினர்’ என்றால் பூசையில் கடைசி வாங்கில் உட்கார்ந்து பேசாமல் இருப்பவர்கள் என்றல்லவா நினைத்திருந்தேன்!

நேர்த்திக்கென்று மாமி மன்னாரிலிருந்து அனுப்பிய சின்ன வெள்ளி இதயத்தை எடுத்து, மாட்ட இடம் தேடினேன். பண்ணை வீட்டுக்காரி ஜெர்மனில் கேட்டதை நம் தமிழில் எழுதுகிறேன்.

“பிள்ளைக்குச் சுகம் வந்திட்டுதோ?”

“இல்லை. ஆபரேஷன் இனித்தான்.”

“அப்ப மாட்ட ஏலாது. இஞ்ச எல்லாம் சுகம் கிடைச்ச பிறகு வைச்ச நன்றி.”

எங்கள் ஊரில் கேட்கும்போதே வைப்போம்.

ரெஜி காதுக்குள், “இஞ்சேர், இந்த ஊர் மாதாவுக்கு வேலை முடிஞ்சாத்தான் சம்பளமாம்” என்றார்.

“சும்மா இருங்கோப்பா.” அவளிடம் திரும்பினேன். “அப்ப எனக்கு இடமாவது பிடிச்சு வையுங்கோ.”

“இதென்ன பஸ் சீற்றோ?” என்று சிரித்தவள், கீழே போய்ச் சுத்தியலும் ஆணியும் கொண்டு வந்தாள். “நீங்களே அடியுங்கோ. வேற ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன்.”

தொட்டில் குழந்தைக்குப் பக்கத்தில் அடித்தேன். முதல் அடி விரலில். இதயம் என் கைப்பையிலேயே திரும்பி வந்தது.

போகிறவர்கள் காலுக்கு நல்ல சப்பாத்துப் போடுங்கள். மேலே கடையோ கழிப்பறையோ இல்லை. கூட்டம் வேண்டாம் என்று அவள் கேட்டதால் ஊர்ப்பெயர் போடவில்லை. கேட்டால் தனியாகச் சொல்வேன்.

ஒன்று கேட்க வேண்டும். அந்த ஆணியில் மாட்ட, உங்களில் யாருக்காவது மரப்பலகையில் படம் கீறத் தெரியுமா? ஆரனைக் கட்டிலில் கீற வேண்டாம். ஓடுகிற பிள்ளையாகக் கீறுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே அந்தப் பலகை என் கையில் இருக்க வேண்டும். தயவுசெய்து கெதியாகப் பதில் எழுதுங்கள்.