லிட்டில் இந்தியாவில் நான் ஒரு பூனையைக் கடத்திய கதை

தம்பி புக்கிட் பாத்தோக்கில் புது வீட்டுக்குக் குடிபோய் ஒரு வருடம் ஆகிறது. வந்து பார், வந்து பார் என்று அவன் நச்சரித்த நச்சரிப்பில் இந்த மார்ச்சில் ஒன்பது நாள் விடுப்புப் போட்டுவிட்டு மதுரையிலிருந்து கிளம்பினேன். இந்த வலைப்பூவைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். தனியாகச் சுற்றுகிறவள், கண்ணில் பட்ட தெருநாய்க்கெல்லாம் வக்காலத்து வாங்குகிறவள். மின்வாரிய அலுவலகத்தில் என் மேசைக்கடியில் ஒரு மூன்றுகால் நாய் தூங்கும்; மேலதிகாரி கேட்டால் அது யாரென்றே எனக்குத் தெரியாது. சிங்கப்பூரில் எங்கே என்ன சாப்பிடலாம், எங்கே நின்று படம் எடுக்கலாம் என்று எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது ஆறாம் நாள் செய்த ஒரு முட்டாள்தனத்தையும், அதைச் சரிசெய்யப் பட்ட பாட்டையும்தான்.

அன்று காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினேன். புக்கிட் பாத்தோக்கிலிருந்து பேருந்தில் பியூட்டி வோர்ல்ட், அங்கிருந்து ரயிலில் ஏழாவது நிறுத்தம் லிட்டில் இந்தியா. மொத்தம் முக்கால் மணி நேரம், இரண்டு வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவு. (அங்கே டாலரை நம்மவர்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். நானும் இரண்டாம் நாளே மாறிவிட்டேன்.) சிராங்கூன் சாலையில் தோசை, காப்பி முடித்துவிட்டு, கூட்டத்துக்குப் பயந்து ஒரு பின்சந்துக்குள் திரும்பினேன். உணவகங்களின் சமையலறைக் கதவுகள் திறக்கும் சந்து அது. வெங்காயச் சாக்கு, கழுவி வைத்த அண்டாக்கள், ஈரத் தரை.

அங்கே ஒரு படிக்கட்டில் சாம்பல் நிறப் பூனை ஒன்று படுத்திருந்தது. வயதான பூனை. கிட்டே போனதும் எழுந்து ஓடவில்லை. தலையைக் கொண்டுவந்து என் கையில் முட்டியது. அப்போதுதான் பார்த்தேன். இடது காதின் நுனி இல்லை. சண்டையில் கிழிந்த காது பிய்ந்து தொங்கும். இது கத்தரிக்கோலால் நேராக வெட்டியது போல இருந்தது.

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. இவ்வளவு சுத்தமான ஊரில், இவ்வளவு சாதுவான ஜீவனை ஒருவன் பிடித்து வைத்துக் காதை அறுத்திருக்கிறானே! அடுத்தது வாலா, காலா? எதிர்க்கடையில் ஆறு வெள்ளிக்கு ஒரு கட்டம் போட்ட பெரிய பையை வாங்கினேன். பூனையைத் தூக்கி உள்ளே வைத்தேன். குழந்தை மாதிரி வந்தது. மூச்சு விட ஜிப்பைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு, கைப்பேசியில் விலங்கு நலச் சங்கம் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். சுவா சூ காங்கைத் தாண்டி, பண்ணைகள் இருக்கும் பக்கம். இருபத்திரண்டு கிலோமீட்டர்.

டாக்சி ஓட்டுநர் நம்மவர். அங்கேயே பிறந்து வளர்ந்தவர், அறுபது வயதிருக்கும். இரண்டாவது சிக்னலில் பை ஒரு குரல் கொடுத்தது.

"மேடம், பைக்குள்ள என்ன லா?"

"பூனை அண்ணே. பாவிங்க காதை வெட்டிப் போட்டிருக்காங்க. கம்ப்ளெயின்ட் குடுக்கப் போறேன்."

"காதா? லெஃப்ட் சைடு காதா? அது வந்து மேடம்..."

"எந்தக் காதா இருந்தா என்ன? வலிக்காதா அதுக்கு?"

அந்த மனிதர் மூன்று தடவை "அது வந்து" என்று ஆரம்பித்தார். மூன்று தடவையும் நான் விடவில்லை. மதுரையில் நான் மீட்ட நாய்களின் வரலாறு முழுவதையும் கேட்டுக்கொண்டு வந்தார், பாவம். கடைசியில் ரேடியோவைப் போட்டுவிட்டார். இருபத்தெட்டு நிமிடப் பயணம், இருபத்தொன்பது வெள்ளி நாற்பது காசு. இறங்கும்போது மட்டும், "உள்ள கேட்டுப் பாருங்க மேடம், அவங்க சொல்லுவாங்க" என்றார்.

சங்கத்தில் என்னை வரவேற்றவள் மலர். முப்பது வயது இருக்கும். அங்கே மருத்துவ உதவியாளர். பையைத் திறந்தவள் பூனையைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, இத எங்கேர்ந்து எடுத்தீங்க?"

சொன்னேன். எவன் வெட்டினான் என்று கண்டுபிடித்து உள்ளே தள்ள வேண்டும் என்றும் சொன்னேன்.

"நாங்கதான் வெட்டினோம்."

"எனக்கே காது குத்துறியாம்மா?"

"குத்தல ஆன்ட்டி. வெட்டினோம்."

அவள் சிரிக்கவே இல்லை. கருத்தடை செய்யும்போது, பூனை மயக்கத்தில் இருக்கையிலேயே, இடது காதின் நுனியை எடுத்துவிடுவார்களாம். தூரத்திலிருந்து பார்த்தாலே தெரிய வேண்டும், அதற்காக. "அதான் அதோட ஐசி, அடையாள அட்டை. இது இந்த இடத்துப் பூனை, ஆப்பரேஷன் முடிஞ்சிருச்சு, பாத்துக்க ஆள் இருக்கு, டோன்ட் டச். அவ்ளோதான் அர்த்தம்" என்றாள்.

பூனையைப் பரிசோதித்துக்கொண்டே சங்கத்தின் கதையையும் சொன்னாள். முன்பெல்லாம் யாராவது புகார் கொடுத்தால் அரசாங்க ஆட்கள் வந்து பூனைகளைப் பிடித்துக்கொண்டு போவார்கள், போனவை திரும்பாது. அப்போது சந்தையில் மீன் கழிவு வாங்கிப் பூனைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்த நாலைந்து பெண்கள்தான் இதை ஆரம்பித்தார்களாம். பிடிக்காதீர்கள், கொல்லாதீர்கள் என்று அழுது பார்த்துப் பலனில்லை. கருத்தடை செய்கிறோம், அதே இடத்தில் விடுகிறோம், ஒவ்வொன்றுக்கும் நாங்கள் பொறுப்பு என்று அடுக்குமாடிகளில் புளோக் புளோக்காக ஏறி இறங்கிப் பேசினார்கள். கதவைச் சாத்தியவர்களிடம் மறுவாரமும் போனார்கள். சுவரில் தீவின் வரைபடம் ஒன்று தொங்கியது. ஊசி குத்திய இடமெல்லாம் பூனைகள். ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு பெயர், உணவு வைப்பவரின் பெயர். அவர்களை ஃபீடர் என்கிறார்கள். கிழக்கே பாசிர் ரிஸில் ஆரம்பித்து மேற்கே நான் தங்கியிருந்த புக்கிட் பாத்தோக் வரை ஊசிகள். பின்கட்டில் அன்றைய அறுவைக்கு வந்த பூனைகள் துணி போர்த்திய கூண்டுகளில் காத்திருந்தன. துணி இடுக்கில் தெரிந்த, இன்னும் வெட்டாத காதுகளைப் பார்த்துக்கொண்டு வெட்கத்தோடு நின்றேன்.

"இதோட பேரு சூப்பர்வைசர்" என்றாள் மலர். "ஃபீடர் செல்வம், அந்த சந்துல குக். பன்னண்டு மணியிலேர்ந்து தேடிட்டு இருக்காராம், ரெண்டு தடவை ஃபோன் பண்ணிட்டாரு. இதுக்கு கிட்னி ப்ராப்ளம் ஆன்ட்டி. டெய்லி நாலு மணிக்கு மாத்திரை. நான் ஆள் அனுப்பிக் கொண்டுபோய் விடுறேன்."

"வேண்டாம். தூக்கிட்டு வந்தவ நான். நானே கொண்டுபோய் விடுறேன்."

அங்கே ரயிலிலும் பேருந்திலும் செல்லப்பிராணிகளுக்கு இடமில்லை. மலர் ஒரு கூண்டு கொடுத்து, பிராணிகளை ஏற்றும் வண்டி பிடித்துத் தந்தாள். நாற்பத்தெட்டு வெள்ளி. போகும்போது குழந்தையாக வந்த பூனை, திரும்பும்போது கூண்டின் மூலையில் ஒடுங்கிக் கிடந்தது.

மூன்றேகாலுக்குச் சந்தில் இறங்கினோம். செல்வம் அறந்தாங்கிக்காரர், முப்பத்தைந்து வயது, ஏப்ரனோடு நின்றிருந்தார். கூண்டைத் திறந்ததும் சூப்பர்வைசர் அவரையும் பார்க்காமல், என்னையும் பார்க்காமல், பாய்ந்து அண்டாக்களுக்குப் பின்னால் போய்விட்டது. மீனை வைத்துக் கூப்பிட்டார். வரவில்லை.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லக்கா? சந்து பூரா நம்ம ஆளுங்கதான். தமிழ்லயே கேட்டிருக்கலாம்."

அதற்குமேல் அவர் சொன்னதுதான் இன்னும் நெஞ்சில் நிற்கிறது.

"எங்கப்பாவுக்குக் கண் ஆப்பரேஷன். ஆறு வாரம் ஊருக்குப் போகணும், ஒருதரம் டிக்கெட்டைத் தள்ளியாச்சு. ஏன்னா இது என் கையில மட்டுந்தான் மாத்திரை திங்கும். ரெண்டு மாசமா கடைக்கு வர்றவங்க கிட்டல்லாம் இதைக் குடுத்து, தடவச் சொல்லி, தூக்கச் சொல்லிப் பழக்குனேன். வெளியாளைப் பாத்தா ஓடாதடான்னு. நான் பக்கத்துல இல்லாம அது நம்பிப் போன முதல் வெளியாள் நீங்கதான்."

சாதுவாக என் கைக்கு வந்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. ரெண்டு மாத உழைப்பை அரை நாளில் கெடுத்துவிட்டேன். அவர் ஊரில் இருக்கும் ஆறு வாரமும் மாத்திரை கொடுக்கச் சங்கம் வேறொரு ஆளை ஏற்பாடு செய்திருந்தது. ஆனால் பூனை கிட்டே வராவிட்டால் அவரால் என்ன செய்ய முடியும்? கூண்டில் அடைத்து வைத்தால் மருந்து கொடுக்கலாம், ஆனால் இந்த வயதில் கூண்டில் அது சாப்பிடாது என்று மலர் சொல்லியிருந்தாள்.

"என்னால பயந்தது, என் கையிலேயே பயம் தெளியட்டும். என் கையில தின்னா, அந்த ஆள் கையிலயும் திங்கும்" என்றேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை. ஆனாலும் ஒரு மீன் உருண்டையை, நடுவில் மாத்திரை வைத்து, என்னிடம் கொடுத்தார்.

ஐந்தரைக்கு அவர் வேலைக்குப் போனார். நான் ஈரத் தரையில் ஒரு அட்டையைப் போட்டு உட்கார்ந்தேன். தம்பி வீட்டில் அன்று எனக்காக விருந்து. கூப்பிட்டு, வரவில்லை என்று சொன்னேன். ஆறு நாற்பதுக்குச் சூப்பர்வைசர் வந்தது. நான் தட்டில் வைத்த உருண்டையில் மீனை மட்டும் தின்றது, மாத்திரையைத் தள்ளிவிட்டது, கை நீட்டியதும் ஓடிவிட்டது. மறுநாள் மதியம் மூன்றரைக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். அன்று செல்வத்தின் கையில் மாத்திரையைத் தின்றது. என்னைப் பார்த்து இரண்டடி தள்ளியே இருந்தது. கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்ததில் முழங்கால் பிடித்துக்கொண்டது.

சிங்கப்பூர் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். அந்தப் பூனைகள் தெருவில் இருந்தாலும் அநாதைகள் இல்லை. இடது காது நுனி இல்லையென்றால், தடவிவிட்டு நகருங்கள். காயமோ நோயோ தெரிந்தால் தூக்காதீர்கள். படம் எடுத்து, இடத்தைக் குறித்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள், அவர்களுக்கு அந்தச் சந்தின் ஆள் யாரென்று தெரியும். சங்கங்களைப் பார்க்க ஆசைப்பட்டால் முன்கூட்டியே நேரம் கேட்டுக்கொண்டு போங்கள், அந்தப் பக்கத்திலிருந்து திரும்பி வர டாக்சி எளிதில் கிடைக்காது. டாக்சி ஓட்டுநர் "அது வந்து" என்று ஆரம்பித்தால் தயவுசெய்து முடிக்க விடுங்கள். உதவி செய்யத் துடிக்கிற கைக்கு முன்னால் வாய் ஒரு கேள்வி கேட்டுவிட வேண்டும். ஐம்பத்துநாலு வயதில் இதை ஒரு பூனையிடம் கற்றுக்கொண்டேன்.

எட்டாம் நாள், எனக்கு அங்கே கடைசி மாலை. மூன்றரைக்கு உட்கார்ந்தேன். செல்வம் வேண்டுமென்றே சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாலேகாலுக்கு அண்டாவுக்குப் பின்னாலிருந்து சாம்பல் தலை எட்டிப் பார்த்தது. உள்ளங்கையில் உருண்டையை வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்திருந்தேன். வந்தது. முகர்ந்தது. போய்விட்டது. மறுபடி வந்தது. சொரசொரவென்று நாக்கு என் கையில் பட்டது. உருண்டை முழுவதும் உள்ளே போனது, மாத்திரையோடு. பிறகு என் முழங்காலை ஒட்டி உட்கார்ந்து முகம் கழுவ ஆரம்பித்தது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. துடைக்கக் கையைத் தூக்கினால் பயந்துவிடுமே என்று அப்படியே விட்டுவிட்டேன்.

கதவு இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த செல்வம் சத்தமில்லாமல் வெளியே வந்து, என் வெறும் கையைப் பார்த்தார். தரையில் மாத்திரை கிடக்கிறதா என்று குனிந்து தேடினார். எங்கேயும் இல்லை. ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்து ஊருக்குக் கூப்பிட்டார்.

"அப்பா, டாக்டர்கிட்ட தேதி வாங்கிருங்க. நான் வர்றேன்."