லைசென்ஸுக்கு அளந்த வீடு

அந்தக் காலத்தில் எங்கள் ஊர் முனிசிபாலிட்டியில் ஒரு சட்டம் இருந்தது. வீடு கட்டுகிறவர்களுக்குப் பிளான் போட்டுக் கொடுக்க லைசென்ஸ் வேண்டும். அதற்கு, ஏற்கெனவே நிற்கிற ஒரு வீட்டை அளந்து பிளான் போட்டுக் காட்ட வேண்டும். ஓவர்சியர் வந்து அளவு நாடாவைப் பிடித்துச் சரிபார்ப்பார். எந்த வீடு என்பது நம் இஷ்டம். பாளையங்கோட்டையில் அத்தனை தெரு, அத்தனை வீடு இருக்க, நான் எங்கே போயிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்?

அவள் வீட்டுக்குத்தான்! பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அவள். பெண் கேட்டுப் போனபோது அவள் அப்பா, கலெக்டர் கச்சேரி குமாஸ்தா, ஒரே பேச்சில் முடித்துவிட்டார்: "லைசென்ஸ் காகிதத்தைக் கொண்டாரும்வே. அப்புறம் பேசுவோம்." லைசென்ஸ் கிடைத்தால் கல்யாணம்; இல்லையென்றால் இல்லை. அப்படியானால் உங்கள் வீட்டையே அளந்து வாங்கிக் காட்டுகிறேன் என்று எனக்கு ஒரு வீம்பு. கேட்டேன், அவரும் அளந்துகொள்ளச் சொன்னார்.

சனிக்கிழமை காலையில் போனேன். அவள் அம்மா அடுக்களை வாசலில் உட்கார்ந்து உள்ளி உரித்தபடி எங்களைக் காவல் காத்தார். நாடாவின் ஒரு முனையை நான் சுவரில் அழுத்திப் பிடிக்க, எதிர்ச்சுவரோரம் நின்று அவள் அளவைப் படித்தாள். எங்கள் முதல் பேச்சே அதுதான். "ஒம்பது அடி, ரெண்டு அங்குலம்." அடடா! இரண்டு அங்குலத்தை அவ்வளவு அழகாக இந்த ஜில்லாவில் யாரும் சொன்னதில்லை. முன்னறைக்குப் "பதினாலு அடி" என்றாள். எழுதிக்கொண்டேன். கணக்கு டீச்சர் சொன்னதை மறுபடி பார்க்க நான் யார்?

அடுத்த வாரம் ஓவர்சியர் வந்தார். முன்னறையில் நாடாவை நீட்டினார். பதினோரு அடி! என் பிளானைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"உம்ம காகிதப்படி இந்த வீடு மூணடி தெருவுல நிக்குதுவே! அளவை யாரு படிச்சது?"

அவளை மாட்டிவிடுவதா?

"நான்தான்யா," என்றேன்.

"அப்போ லைசென்ஸ் கிடையாது. அடுத்த வருசம் வாரும்."

அவள் அப்பா என் பிளானை வாங்கி ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, உள்ளே நின்ற அவள் விடுவிடுவென்று முன்னறைக்கு வந்துவிட்டாள்.

"படிச்சது நான்தான்ப்பா. பதினொண்ணை வேணும்னேதான் பதினாலுன்னு சொன்னேன்."

"ஏம்மா? ஒனக்கென்ன பைத்தியமா?"

"சரியாச் சொன்னா அன்னைக்கே வேலை முடிஞ்சிருமே! வீட்டுக்குப் போய் அறை அளவையெல்லாம் கூட்டி, வெளிச்சுவர் அளவோட ஒத்துப் பாப்பாக, தப்புன்னு தெரியும், திரும்ப அளக்க வருவாகன்னு நெனச்சேன். நேத்து வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன். இவுக கூட்டியே பாக்கலை!"

நான் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். ஓவர்சியரும் சிரித்தார், ஆனால் லைசென்ஸ் தரவில்லை. சட்டம் சட்டம்தான் என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

குமாஸ்தா மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லைசென்ஸே போவுது, அப்பவும் ஒம்ம வாயில எம் மவ பேரு வரலையேவே," என்றார். "வார ஞாயித்துக்கிழமை கோயில்ல பாதிரியாரை, ஒங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம்னு ஓலை வாசிக்கச் சொல்லுதேன். காகிதம் பைய வரட்டும்."