ஒன்று வந்தால் வந்த மாதிரி

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. பொய்யென்றால் மிச்சமிருக்கும் மூன்று பல்லும் உதிரட்டும்.

தொங்குபாலத்தின் கம்பி எவ்வளவு தாங்கும் என்று கணக்கிடும் மென்பொருளை நான் எழுதியிருந்தேன். அது ஒரே மூச்சில் விடை சொல்லாது. ஊகிக்கும், திருத்தும், மறுபடி ஊகிக்கும். அடுத்தடுத்த ஊகங்களின் வித்தியாசம் நாம் வைத்த எல்லைக்குள் வந்தால் நிற்கும். எல்லை, பத்து லட்சத்தில் ஒன்று.

முதலாளி என் மனைவியின் தம்பி. காலில் வெந்நீர் கொட்டியவன் போல் அவசரம். எல்லையை ஒன்று என்று தளர்த்தினேன். 'முடிந்தது' என்று திரையில் வந்தது. கணக்கைச் சரிபார்க்கும் பொடிக்கண்ணன் மட்டும் கையெழுத்துப் போடவில்லை.

"விடை இன்னும் ஆடுது சார்."

"அப்போ நீயே மொதல்ல நடந்து பாரு," என்றான் மச்சான்.

பாலம் கட்டி முடிந்ததும் பொடிக்கண்ணன் நடந்தான். பாதியில் கம்பி அறுந்தது. ஆற்றிலிருந்து மூன்றாம் நாள் எடுத்தார்கள்.

மறுவாரம், மதியம் 1:10. பொடிக்கண்ணனின் நாற்காலியில் நான். கணினி தானாக ஓடத் தொடங்கியது.

சுற்று 1. வித்தியாசம் 32.

நடைவழிக் கோடியில்... ச்ளப். ஈரச் செருப்பு. அங்கிருந்து நாற்காலிக்கு முப்பத்திரண்டு அடி.

1:11. சுற்று 2. வித்தியாசம் 16. ச்ளப்... பாதி தூரத்தில். ஆள் இல்லை. தரையில் ஈரம்.

1:12. எட்டு.

1:13. நான்கு. சேற்று வாடை...

சுருக்கென்றது. ஒன்று வந்தாலே வந்ததாகக் கணக்கு. நான் வைத்த எல்லை!

பத்து லட்சத்தில் ஒன்று என்று மாற்றினேன். பாதி பாதியாக வரட்டும். இருபது சுற்றுக்கு மேல் ஆகும். ஆனாலும், வருகிறவனுக்கு நாற்காலியில் ஒரு ஆள் வேண்டுமே. பக்கத்து அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மச்சானைக் கூப்பிட்டேன்.

"என்ன மாமா, நிம்மதியா சாப்பிட விடமாட்டீங்களா?"

"ரெண்டு நிமிஷம் இங்க உக்காரு மச்சான். வயிறு சரியில்ல."

"வயசானா வாயக் கட்டணும்." உட்கார்ந்தான். "என்ன, நாற்காலி ஈரமா இருக்கு?"

வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

1:15. ச்ளப்.

1:16. ச்ளப்...

பிறகு சத்தமே இல்லை.

திறந்தேன். விசைப்பலகையில் தலை. மூக்கிலும் வாயிலும் ஆற்றுத் தண்ணீர். திரையில், சுற்று 7.

தம்பிக்கு நெஞ்சுவலி என்று மனைவியிடம் சொன்னேன். அவன் சாப்பாட்டு டப்பாவையும் கொடுத்தேன். கழுவித்தான்.

ஒரு மாதம் கழித்து அந்த நிரலைப் படித்துப் பார்த்தேன். எல்லையை எழுதியிருந்தேன். வித்தியாசத்தை அதோடு ஒப்பிடும் வரியை எழுதவே இல்லை. எல்லை எதுவானாலும், நாற்பது சுற்று ஓடித்தான் அது நிற்கும். அன்று ஏழில் நிறுத்தியது அது இல்லை.