ரப்பர் பாலில் ஒட்டிய உறை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில், மலாயாவில் கூலாய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் நான் சின்னக் கிராணியாக, அதாவது இளைய குமாஸ்தாவாக, இருந்தேன். ஜொகூர் பாருவில் சர்க்கார் தணிக்கை அலுவலகத்துக்குக் குமாஸ்தா தேவை என்று விளம்பரம் வந்தது. சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியிருக்க வேண்டும், மூன்று வருஷ ஆபீஸ் அனுபவம் வேண்டும், வயது இருபத்தைந்தைத் தாண்டக் கூடாது. எனக்கு இருபத்து நாலு. அடுத்த வருஷத்தோடு அந்தக் கதவு மூடிவிடும். கூடவே, மேலதிகாரியின் நற்சான்றுக் கடிதம் ஒட்டிய உறையில் வர வேண்டுமாம்.

அங்கேதான் சிக்கல். என் மேலதிகாரி பெரிய கிராணி, யாழ்ப்பாணத்துக்காரர். ஆள் கணக்கு எழுதும் செக்ரோலில் ஒரு பெயரைச் சுரண்டித் திருத்தியதற்காக முழுப் பக்கத்தையும் மூன்று முறை எழுத வைத்த புண்ணியவான்! கேட்டதும் கடிதம் எழுதி, ஒட்டி, சிரிக்காமல் நீட்டினார்.

என்ன வைத்து எழுதினாரோ என்று மனசு கேட்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கெட்டில் ஆவியில் உறையைப் பிரித்தேன். ஒரே புகழ்ச்சி. 'தவறு செய்தால் மறைக்காதவர்' என்று ஒரு வரி வேறு. வெட்கமாகிப் போயிற்று. திரும்ப ஒட்டப் பசை இல்லை. பக்கத்து ரப்பர் மரத்துப் பால் கோப்பையில் விரலை விட்டு இரண்டு சொட்டுப் பால் எடுத்துத் தடவினேன். தோட்டத்துப் புத்தி வேறு எங்கே போகும்?

நேர்முகத்தில் தணிக்கை ஆபீஸ் துரை உறையைப் பிரித்தார். அது கிழியவில்லை, நூல் நூலாக இழுபட்டது. முகர்ந்து பார்த்தார். அந்த நாற்றம் தெரியாதவர் ஜொகூரில் உண்டா? கடிதத்தை வாசித்துவிட்டு, யார் திறந்தது என்று கேட்டார். மழையில் நனைந்தது என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அந்த ஒரு வரி தடுத்தது. நான்தான் என்றேன். கடிதத்தில் இருப்பது உண்மைதான், ஆனால் இந்த வருஷம் வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார்.

மறுவருஷம் மறுபடி விளம்பரம் வந்தது. பெரிய கிராணியிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொல்லி இன்னொரு கடிதம் கேட்டேன். எழுதினார். உறையில் போட்டார், ஒட்டவில்லை.

"இந்த முறை ஒட்டேல்லை. வாசிக்க வேணுமெண்டா வாசிச்சுப்போட்டுக் கொண்டுபோம்."

ஜொகூர் பாரு வரை ரயிலில் அந்த உறை திறந்தபடியே என் மடியில் கிடந்தது. கை குறுகுறுத்தது. துரை உறையைப் பார்த்தார், வாசித்தாயா என்று கேட்டார். இல்லை என்றேன். நம்பினார்.

தணிக்கை வேலையிலேயே காலம் ஓடி ஓய்வும் பெற்றுவிட்டேன். பெரிய கிராணியும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த இரண்டாவது கடிதத்தில் என்னைப் பற்றி என்ன எழுதினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, அந்தத் தெரியாமைதான் நான் சம்பாதித்த பெரிய சான்றிதழ்.