டீச்சர் விட்டுப்போன எண்

அவர் பெயர் யாருக்கும் தெரியாது. லிஃப்ட்காரர் என்றால் எல்லாருக்கும் தெரியும். பாதியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம், "பயப்படாதீங்க, நான் இருக்கேன்" என்று வெளியிலிருந்து குரல் கொடுத்துக்கொண்டே பழுது பார்ப்பார். பகலெல்லாம் அடுத்தவருக்குத் துணை. வீட்டுக்கு வந்தால் அவருக்குத் துணை ஒரு பழைய கம்ப்யூட்டர்தான்.

அது அவர் மனைவியுடையது. பள்ளியில் கணக்கு டீச்சர்; வீட்டிலும் அவருக்கு டீச்சர்தான். இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போய், கடைசியில் ஒன்றைக் கழித்தால் வருகிற ஒரு ராட்சத எண்ணை அவள் அதில் ஏற்றிவிட்டிருந்தாள். கோடிக்கணக்கான இலக்கங்கள். அது பகா எண்தானா என்று சோதித்து முடிக்க அந்தக் கிழட்டு இயந்திரத்துக்கு மாதக்கணக்கில் ஆகும்.

"பகா எண்ணுன்னா என்ன டீச்சர்?"

"ஒண்ணாலயும் தன்னாலயும் மட்டும்தான் மீதியில்லாம வகுபடும். வேற எதுவும் கிட்ட நெருங்க முடியாது."

"உன் தம்பி மாதிரின்னு சொல்லு."

விழுந்து விழுந்து சிரித்தாள். விடை வருவதற்குள் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

சமையலறை மேசையில் கம்ப்யூட்டரின் விசிறி மட்டும் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சல் இருக்கும்வரை வீட்டில் ஆள் இருப்பதுபோல் இருந்தது. விடை வந்தால் அதுவும் நின்றுவிடும். எனவே பகாவோ பகுவோ, எந்த விடையும் வந்து தொலையக் கூடாது என்பதுதான் அவருடைய ஒரே வேண்டுதல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விசிறி கரகரத்தது. தூசி துடைக்க எழுந்தவர், தொழில் புத்தி எங்கே போகும், முதல் வேலையாக மெயின் ஸ்விட்சை அணைத்தார். வீடு கப்சிப்பென்று ஆனது. அப்புறம்தான் செய்த காரியம் உறைத்தது. வேறு நகரத்தில் வேலை பார்க்கும் மகளைப் பதறியடித்துக்கொண்டு போனில் கூப்பிட்டார்.

"அம்மா கணக்கைக் கெடுத்துட்டேன்மா!"

"ஐயோ அப்பா, ஒண்ணும் ஆகாது. விட்ட இடத்துலேர்ந்து அதுவே தொடரும். ஆன் பண்ணுங்க."

தொடரத்தான் செய்தது. ஆனால் அந்தச் சில நிமிட அமைதி அவரை விட்டுப் போகவில்லை. சோறு சாப்பிடும்போதுகூட விசிறி ஓடுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

சில வாரங்களில் அது தானாகவே ஓய்ந்தது. திரையில் ஒரே ஒரு வரி. போனில் எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினார்.

"பகா எண் இல்லப்பா," என்றாள் மகள். "வேற ஏதோ ஒரு எண்ணால வகுபடும்."

"எதால?"

"அது இந்தச் சோதனையில தெரியாது. அப்படி ஒண்ணு இருக்குன்னு மட்டும்தான் சொல்லும்."

லிஃப்ட்காரர் ஓய்ந்துபோன விசிறியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அடுத்த எண்ணை எப்படிப் போடறதுன்னு சொல்லும்மா," என்றார்.

"உங்களுக்கு எதுக்குப்பா இந்தக் கணக்கெல்லாம்?"

"கணக்கு எனக்கெதுக்கு? வீட்ல சத்தமே இல்லம்மா."

மகள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. நாலு பொத்தானை அழுத்துகிற வேலை, போனிலேயே சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

"போன்ல சொன்னா உங்களுக்குப் புரியாதுப்பா," என்றாள். "சனிக்கிழமை நானே வந்து போட்டுத் தரேன்."