அறுபது வரைக்கும் பயமில்லை

சூடேறிய தூசிக்கென்று ஒரு மணம் இருக்கிறது. கருகியது என்றும் சொல்ல முடியாது, கருகவில்லை என்றும் சொல்ல முடியாது. மகளின் கணினிப் பெட்டியைத் திறந்தபோது அது மூக்கில் ஏறியது. "அப்பா, ஐம்பத்தெட்டுக் காட்டுது, உது நோர்மலோ?" என்று கேட்டாள். எனக்கு எரிச்சல் வந்தது, அவள்மீதல்ல. அந்தக் கேள்வியோடேயே உண்டு, உறங்கி, சண்டை பிடித்த வீட்டில் வளர்ந்தவன் நான்.

அது போர் ஓய்ந்திருந்த சமாதான காலம். பாதை திறந்து, கொழும்புக்கு பஸ் ஓடத் தொடங்கியிருந்தது. கரவெட்டியில் எங்களோடு இருந்த மாமா, அம்மாவின் தம்பி, கொழும்புக்குப் போய்க் கணினிப் பாகங்களை ஒவ்வொன்றாகத் தலையணை உறைகளில் சுற்றி, வழி முழுக்க மடியில் வைத்துக்கொண்டு வந்தார். எங்கள் சாப்பாட்டு மேசையில் அவற்றைப் பொருத்திப் பூட்டினார். அன்றிலிருந்து நாங்கள் நிலத்தில் பாய் விரித்துச் சாப்பிட்டோம்.

பச்சைப்பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல மாமா அதற்குச் சூடு பார்த்தார். இயக்கியவுடன் ஒரு விசையை அழுத்துவார். நீலத் திரை வரும். அதன் மூலையில் ப்ரொசெசரின் வெப்பநிலை தெரியும். சும்மா இருக்கையில் நாற்பது, நாற்பத்தைந்து. வேலை செய்கையில் அறுபது வரைக்கும் பயமில்லை. எழுபது என்றால் மாமாவின் முகம் வெளிறும். வீட்டுக்கு வந்த எவரும் இதைக் கேட்காமல் தேத்தண்ணி குடித்ததில்லை. வீட்டிலிருந்த ஒரேயொரு மேசை விசிறியும் பெட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டது.

"மச்சான், எனக்கும் அறுபது வந்திட்டுது, ஃபானைக் கொஞ்சம் இஞ்சாலை திருப்பு" என்பார் அப்பா, பனங்கட்டியைக் கடித்தபடி. ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வுபெற்ற பெரியம்மாவோ தலையில் கைவைத்தார். "காய்ச்சல் நாற்பதைத் தாண்டினாலே நாங்கள் வாட்டிலை ஓடித் திரிவம். உவன் ஐம்பதெண்டு பல்லைக் காட்டுறான்!"

எல்லோரையும் மிஞ்சியவர் அம்மா. எங்கள் ஊரில் விலையுயர்ந்த எதுவும் மூடாமல் இருந்ததில்லை. தொலைக்காட்சிக்கு மயில் பின்னிய துணி, வானொலிக்கு ரோசாப்பூத் துணி, தையல் மெசினுக்குப் பாவாடை. கணினி மட்டும் அம்மணமாக நிற்பது அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. மூடினார். மாமா எடுத்தார். திரும்ப மூடினார். "மூடாதேங்கோ அக்கா! மூச்சு முட்டிச் செத்துப்போம்!" என்று மாமா கத்துவது காலையில் சேவல் கூவுவதுபோல வழக்கமாகிவிட்டது. அம்மா காது கேளாதவர்போலத் துணியை நீவி விடுவார். அந்த நாட்களில் எனக்கு அம்மாவைப் பார்த்தாலே சலிப்பு.

இதற்குள் லண்டனில் இருந்த பெரியமாமா, அம்மாவின் அண்ணன், மாமாவை அங்கே எடுக்க எல்லாம் ஒழுங்கு செய்துவிட்டார். மாமாவுக்குப் போக மனமில்லை. எங்கள் வீட்டு விறாந்தையில் கணினி வகுப்பு நடத்துவதுதான் அவருடைய கனவு. இரவில் வீட்டு முன் ஒழுங்கைக்குள் ஒரு மோட்டார்சைக்கிள் நின்றாலே எழுந்து உட்கார்ந்துவிடுகிற அம்மா, அவர் போகத்தான் வேண்டும் என்று நின்றார். கடைசியில் ஒரு சமாதானம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பெற்றோரைக் கூப்பிட்டுக் கணினியை இயக்கிக் காட்டுவது. பிள்ளைகள் சேர்ந்தால் மாமா இருக்கலாம். சேராவிட்டால் லண்டன்.

சனி பின்னேரம் அம்மா, அதிசயமாக, கணினிக்குப் பக்கத்தில் வந்து இருந்தார்.

"எத்தினை வந்தால் உது நிண்டுபோம்?"

மாமாவுக்கு நிலம் கொள்ளாத சந்தோசம். அக்கா ஒருவழியாகக் கேட்டுவிட்டார்! எண்பதைத் தாண்டினால் தன்னைக் காப்பாற்றத் தானே நின்றுவிடும் என்றார். சூட்டுக்காற்று பின்பக்கத்தால்தான் வெளியேறும், அங்கே ஒரு சாண் இடம் விட்டால் போதும் என்று கையை வைத்தே காட்டினார். அம்மா தலையாட்டினார். அன்று அவர் பெட்டியை மூடவில்லை.

மறுநாள் விறாந்தை நிறையச் செருப்புகள். மாமா ஒரு படம் கீறிக் காட்டினார், பாட்டு ஒன்றைப் படத்தோடு ஓடவிட்டார். பிள்ளைகள் வாய் பிளந்து நின்றார்கள். பாட்டு முடியுமுன் திரை கறுத்தது. மாமா மீண்டும் இயக்கினார். நீலத் திரையில் எண்பத்திரண்டு. அதுவும் கறுத்தது. விசிறியை நெருக்கி வைத்தார், பக்கத் தகட்டைக் கழற்றப் போனார். திருகாணிகள் தரையில் உருண்டோடின.

"தம்பி, பெட்டியே களைச்சுப்போச்சு, எங்கடை பிள்ளையள் என்னெண்டு தாங்குங்கள்?" என்றார் ஒரு தகப்பன். சிரிப்பு எழுந்தது. செருப்புகள் ஒவ்வொரு சோடியாகக் குறைந்தன.

எல்லோரும் போன பிறகு மாமா மேசையை முன்னே இழுத்தார். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில், அவர் கைவைத்துக் காட்டிய அதே இடத்தில், அம்மாவின் பழைய சேலையொன்று நன்றாக மடித்து இறுக்கப்பட்டிருந்தது. அதை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார். விரித்து, உதறி, கொடியில் போட்டார். அம்மா அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டேயிருந்தார். கடவுளே, இந்த மனுசியின் தூசிப் பைத்தியம் ஒரு மனிதனின் வாழ்க்கையையே கெடுத்துவிட்டதே என்று மனதுக்குள் திட்டினேன். அம்மாவோடு ஒரு கிழமை கதைக்கவில்லை. அவரும் ஏனென்று கேட்கவில்லை.

சமாதானம் முறிந்தது. எங்கள் ஒழுங்கையில் மாமாவின் வயதுக்காரர்கள் கடைக்குப் போனார்கள், வேலைக்குப் போனார்கள், சிலர் திரும்பி வரவில்லை. அவர்களுடைய தாய்மார் இன்றும் படங்களைத் தூக்கிக்கொண்டு வீதியில் இருக்கிறார்கள். அம்மா அன்று தூசிக்குப் பயப்படவில்லை என்பது எனக்கு விளங்க அத்தனையும் நடக்க வேண்டியிருந்தது.

ஆனால் நெல்லியடிச் சந்தியில், கொழும்பு பஸ் இரைந்துகொண்டு நின்ற அந்த மத்தியானம், நான் எதுவும் அறியாத பிள்ளை. மாமா படியில் ஒரு காலை வைத்துவிட்டு அம்மாவிடம் திரும்பினார். இருவரும் பஸ் நேரத்தைப் பற்றித்தான் ஏதோ கதைக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"அக்கா, எனக்கு அண்டைக்கே விளங்கினது."

"விளங்கினால் ஏன்ரா நிக்கிறாய்? ஏறு."