திங்கட்கிழமை பிறந்த குப்பம்மாள்

பர்மாவில், தாமுவே சந்தையில் என் வெற்றிலைக் கடைக்கு அடுத்தது குப்பம்மாளின் தோசைக்கடை. அவளுக்குக் கை சுத்தம், நாக்கு நீளம். வாடிக்கைக்காரர் எல்லோருக்கும் அவள் குப்பம்மாதான். அவள் மகன் பிரேம்நாத்துக்கு மட்டும் அந்தப் பெயர் கசந்தது. அவனுக்குப் பேசியிருந்த பெண் பர்மியப் பெண். சபையில் சிரித்துவிடுவார்களே என்று பயம்.

"நிச்சயத்தன்னைக்கு உன் பேரு 'டோ தின் தின்'னு சொல்லும்மா. ஒரு நாளைக்குத்தானே?"

"அது யாருடா? எனக்குத் தெரியாத பொம்பளை."

அவன் கேட்கவில்லை. பெண் வீட்டில் முன்கூட்டியே, பர்மியர் பெண்களுக்கு மரியாதையாகச் சேர்க்கும் 'டோ'வோடு, அந்தப் பெயரைச் சொல்லி வைத்துவிட்டான். பெற்றவளுக்கே பெயர் வைக்கும் பிள்ளையை நான் அதுவரை பார்த்ததில்லை. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

குப்பம்மாள் கூடப்பிறந்தவர்கள் இல்லாதவள் என்பதால் நிச்சயத்துக்குத் துணையாக நானும் போனேன். பெண்ணின் அம்மா டோ கின் மியா தேநீர் கொடுத்தாள். இந்த ஊரில் எல்லோரும் கேட்பதுபோல, எந்தக் கிழமை பிறந்தீர்கள் என்று குப்பம்மாளிடம் கேட்டாள்.

"திங்கள்."

"நானும் திங்கள்தான்!" என்றவள் நெற்றியைச் சுருக்கினாள். "திங்களில் பிறந்தால் 'க' வரிசையில் அல்லவா பெயர் வைப்போம்? தின் தின் சனிக்கிழமைப் பெயராயிற்றே?"

பர்மியனாகிவிடத் துடித்த பிரேம்நாத் பர்மியக் கணக்கிலேயே கோட்டை விட்டிருந்தான்.

குப்பம்மாள் கோப்பையைக் கீழே வைத்தாள். "அது இவன் வெச்ச பேரு. என் பேரு குப்பம்மா. அதுக்கும் 'க'தான்."

அர்த்தம் கேட்டார்கள். குப்பை என்பதைப் பர்மிய மொழியில் பளிச்சென்று சொன்னாள். யாரோ சிரித்தார்கள்.

"சிரிங்க. எனக்கு முன்னால மூணு புள்ளைங்க. அழகழகா பேரு வெச்சாங்க, ஒண்ணும் தங்கலை. நான் பொறந்ததும் குப்பையில போட்டு எடுத்து, இந்தப் பேரை வெச்சாங்க. எமன் குப்பைன்னு நெனச்சு விட்டுட்டுப் போகட்டும்னு. போயிட்டான். அவன் விட்டுட்டுப் போன குப்பைதான் உங்க மாப்பிள்ளையைப் பெத்துது."

சிரிப்பு நின்றது. அவள் மகன் பக்கம் திரும்பினாள்.

"இப்ப சொல்லுடா. உங்கம்மா பேரு என்ன?"

"குப்பம்மா" என்று முணுமுணுத்தான்.

"யாருக்கும் கேக்கலை."

அடுத்த முறை அவன் சொன்னது தெருவுக்கே கேட்டது.